ஷிராஸில் ஒரு கிண்ணம் சாலட்

ஈரானின் ஷிராஸ் நகரில், வக்கீல் பஜார் என்ற பழைய சந்தையை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்ன உணவகம். கபாபுக்காகத்தான் போனேன், மனதில் நின்றது கூடவே வந்த சாலட்-ஏ-ஷிராஸிதான். வெள்ளரி, தக்காளி, வெங்காயம் மூன்றையும் மாதுளை முத்து அளவுக்குப் பொடியாக நறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கரண்டியிலும் மூன்றும் சேர்ந்து வருகின்றன. அங்கே கிடைக்கும் வெள்ளரி சிறியது, தோல் மெல்லியது, சீவவே வேண்டாம். கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிட்டதால் கிண்ணத்தில் தண்ணீர் கோக்கவில்லை.

புளிப்புக்கு ஆப்கூரே, அதாவது பழுக்காத திராட்சையின் சாறு. எலுமிச்சை போலச் சுரீரென்று ஏறாமல் மெதுவாகப் புளிக்கிறது. அப்புறம், பரிமாறியவர் உலர்ந்த புதினாவை உள்ளங்கையில் கசக்கித் தூவினார். அந்த வாசம் பச்சைப் புதினாவில் வராது.

ஒரு குறை: இரண்டாவதாக வாங்கிய கிண்ணத்தில் வெள்ளரி துவண்டிருந்தது. முன்பே உப்புப் போட்டு வைத்துவிட்டார்கள் போல. சொன்னதும் முகம் சுளிக்காமல் புதிதாக நறுக்கித் தந்தார்கள். கபாப் பரவாயில்லை ரகம்தான். பீன்ஸ் சேர்த்துச் சமைக்கும் லூபியா போலோ வாங்கி, அந்தச் சூடான சோற்றோடு இந்தச் சாலட்டைச் சேர்த்துச் சாப்பிடுங்கள்.