பழைய எஃப்.சி. டிரக்கின் பின் அச்சு: கிரவுன் பினியனா, ஓவர்டிரைவா, முழு அச்சா?

பெங்களூரில் பழைய மஹிந்திரா எஃப்.சி. 150 (ஃபார்வர்ட் கன்ட்ரோல் என்ற ஜீப் வகை டிரக்) வைத்திருப்பவர்கள் பின் அச்சைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், இரண்டு குறைகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஓசூர் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் இன்ஜின் கத்துகிறது என்பது ஒரு குறை. அச்சு பலம் போதாது என்பது இன்னொன்று. முதலாவது கிரவுன் பினியன் (அச்சின் நடுவே சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) விகிதம் சம்பந்தப்பட்டது, இரண்டாவது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டும் அது மாட்டும் ஹப்பும் சம்பந்தப்பட்டது. எது உங்கள் குறை என்று முடிவு செய்யாமல் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனால் காசுதான் கரையும்.

அதற்கு முன், வண்டிக்கு அடியில் இருப்பது என்ன என்று பாருங்கள். இந்த டிரக்குகளுக்கு உரியது ஸ்பைசர் 44, டானா 44 என்பதும் அதுதான். ஆனால் ஐம்பது அறுபது வருடத்தில் எத்தனை பட்டறை கைவைத்ததோ! பின்மூடியில் பத்து போல்ட் இருக்கிறதா, ஹவுசிங் வார்ப்பில் 44 என்ற எண் தெரிகிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மூடி போல்ட்டில் தொங்கும் விகிதத் தகடு இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே பல்லை மாற்றியவர் தகட்டை மாற்றியிருக்க மாட்டார்.

நம்பகமான வழி எண்ணுவதுதான். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று ஒருவர் எண்ணட்டும். ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு என்றால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.88, நாலேகாலைத் தொட்டால் 4.27. மூடியைத் திறந்தால் கிரவுன் விளிம்பிலேயே 43-8, 39-8, 47-11 என்று பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். சக்கரத்தின் நடுவே பெரிய நட்டும் காட்டர் பின்னும் தெரிந்தால் அது சாவி போட்ட டேப்பர் ஷாஃப்ட்; அதாவது நுனி கூம்பாக ஒடுங்கி, ஒரு சிறு உலோகக் கட்டை (சாவி) ஹப்பை அதோடு பிணைத்திருக்கும்.

இப்போது கணக்கு. 30 அங்குல டயரில், டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு 5.38 இருந்தால் இன்ஜின் சுமார் 2,250 சுற்று ஓடும். 4.88 என்றால் 2,040, 4.27 என்றால் 1,785. எண்பதில் 5.38 கிட்டத்தட்ட 3,000 கேட்கிறது. இந்த வண்டியின் அசல் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 111 மி.மீ.; அவ்வளவு நீண்ட ஸ்ட்ரோக்கை மணிக்கணக்கில் 3,000-இல் ஓட்டுவது பாவம்.

அதனால் பலரும் முதலில் நினைப்பது 4.27. ஹவுசிங் அப்படியே இருக்கும், வெளியே எதுவும் மாறாது. 5.38-இல் இருந்து 4.27-க்குப் போக உள்ளே இருக்கும் கேரியரே (கிரவுனைத் தாங்கும் கூடு) போதும், 3.73-க்குப் போனால்தான் வேறு கேரியர் தேவை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி நாலு சக்கர இழுவை என்றால் முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். இரண்டும் பொருந்தாமல் ஃபோர்வீல் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து பினியன் ஆழமும் பேக்லாஷும் (பற்களுக்கு இடையே உள்ள ஆட்டம்) சரிபார்க்கப் பொறுமையான கை வேண்டும். பல்லில் சாயம் பூசித் தடம் பார்க்காமல் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். காற்று அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இந்த இன்ஜினின் 72 குதிரைத்திறனிலும் அந்தப் பங்கு போய்விடும். உச்ச இழுவை வருவது 2,000 சுற்றில். 4.27 போட்டு அறுபதில் போகும்போது நீங்கள் அதற்குக் கீழே இருப்பீர்கள். மேம்பாலம் ஏறினாலே செகண்டுக்கு இறக்கத் தோன்றும். பல எஃப்.சி.களில் டீசல் இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். அந்த வண்டிகளுக்கு 4.27 நன்றாகவே ஒத்துவரும்.

முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற பி.டி.ஓ. துளையில் (வெளிக் கருவிகளுக்குச் சக்தி எடுக்கும் இடம்) மாட்டும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் இதைவிட அழகான வழி. இன்ஜின் சுற்றை 25 சதவீதம் குறைக்கும். 5.38 நடைமுறையில் 4.04 ஆகிவிடும்; எண்பதில் போகும்போது முன்பு அறுபதில் இருந்த அதே 2,250 சுற்று. ஏற்றம் வந்தால் எடுத்துவிடலாம், பழைய 5.38 கையில் இருக்கும். இரண்டு அச்சுக்கும் முன்னாலேயே வேலை செய்வதால் முன் அச்சைத் தொட வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டும், சுங்கவரி உண்டு, பல் ஓசையும் கொஞ்சம் கேட்கும். இருந்தாலும் அசல் பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

பிற்கால வண்டி ஒன்றின் முழு அச்சைத் தூக்கிப் போடுவதைப் பட்டறைகள் சுலபம் என்கின்றன. எஃப்.சி.க்கு அது சுலபமில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வெளியீடு ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. வீல்பேஸோ 81 அங்குலம்தான். பினியன் நடுவில் உள்ள அச்சை மாட்டினால், குட்டை ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கவாட்டில் சாய்ந்து ஜாயின்ட்டைத் தின்றுவிடும். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், ஸ்பிரிங் இருக்கை, பிரேக் எல்லாம் அதற்கப்புறம். பிராக்கெட் வெல்டிங் சேஸிஸ் வரை போனால் இன்னொரு நஷ்டம்: 50 வயது தாண்டிய வண்டிகளுக்கான 2021 விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஹவுசிங் வளைந்தோ விரிசல் விட்டோ போனால்கூட முதலில் இன்னொரு 44 ஹவுசிங்கைத் தேடுங்கள்.

பலம்தான் உங்கள் கவலை என்றால், டேப்பர் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு ஃபிளாஞ்சோடு ஒரே துண்டாக வரும் ஷாஃப்ட் போடலாம். டேப்பரில் சாவிக்காடி இருக்கும் இடம்தான் பலவீனம். நட்டு தளர்ந்தால் சாவி தேய்ந்து ஹப் சுழன்றுவிடும்.

ஸ்பீடோமீட்டரையும் கணக்கில் சேருங்கள். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வெளியீட்டில் இருந்து வருகிறது. ஓவர்டிரைவ் போட்டால் முள் முன்பு காட்டியதையே காட்டும். 4.27 போட்டால், முன்பு 60 காட்டிய அதே நிஜ வேகத்தில் முள் 48-இல் நிற்கும். அதனால் கிரவுன் மாற்றும்போதே ஸ்பீடோ கேபிளைச் சுழற்றும் சிறு பினியனையும் மாற்றச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.