பத்து மெகாஹெர்ட்ஸில் ஒரு சிவப்பு லேசர்: குமரி வெயிலிலும் மழையிலும்

லேசர் டயோடில் அனலாக் சிக்னல் ஏற்றப் போகிறேன் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை போகும்?" என்றுதான். தக்கலையில் என் சர்வீஸ் பெஞ்சில் 2020 முதல் ஓடுகிற செட்டப்பை வைத்துச் சொல்கிறேன். வேகம் பெரிய பிரச்சினையே இல்லை. சாதாரண 650 நானோமீட்டர் சிவப்பு டயோடே நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும். ஆளைப் படுத்தி எடுப்பது பயாஸ் கரண்ட்தான் (சிக்னல் இல்லாதபோதும் டயோடில் ஓடும் அடிப்படைக் கரண்ட்), அதிலும் பங்குனி, சித்திரை வெயிலில்.

நான் இதைப் பயன்படுத்துவது தூரம் அளக்க. ஒளியைப் பத்து மெகாஹெர்ட்ஸ் சைன் அலையாக ஏற்றி இறக்கி அனுப்பி, பட்டுத் திரும்பும் அலையின் ஃபேஸை, அதாவது அனுப்பிய அலையைவிட அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அந்த அலையின் நீளம் 30 மீட்டர். போய்த் திரும்புவதால் 15 மீட்டருக்கு ஒருமுறை அளவு மறுபடி தொடங்கும். ஃபேஸில் ஒரு டிகிரிக்குச் சுமார் நாலு சென்டிமீட்டர். எதிர்ச் சுவர் வெள்ளையோ கறுப்போ, ஃபேஸ் மாறக்கூடாது. ரிசீவர் திணறாத வரை மாறாது.

சர்க்யூட் எளிமையானது. டிசி கரண்ட் 10 மைக்ரோஹென்றி காயில் வழியாக டயோடுக்குப் போகிறது. சிக்னல், 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் 47 ஓம் ரெசிஸ்டரும் வழியாக வந்து சேர்கிறது. பத்து மெகாஹெர்ட்ஸில் அந்தக் காயில் 600 ஓமுக்கு மேல் மறிக்கும். கெப்பாசிட்டர் ஒன்றரை ஓம்தான் காட்டும். டயோடுக்குள் இருக்கும் சில ஓமும் 47-உம் சேர்ந்தால் சிக்னல் ஜெனரேட்டருக்கு வேண்டிய 50 ஓம் கிட்டத்தட்ட வந்துவிடும். 400 மில்லிவோல்ட் பீக்-டு-பீக் (அடியிலிருந்து முகடு வரை) கொடுத்தால் கரண்ட் இரண்டு பக்கமும் நாலு மில்லிஆம்பியர் ஆடும். டயோடு கால்களை நறுக்கிக் குட்டையாகவே வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. பத்து மெகாஹெர்ட்ஸில் அது தெரியாது. நூறுக்குப் போனால் ஒன்றரை சென்டிமீட்டர் கால் ஒவ்வொன்றும் ஒன்பது ஓமுக்கு மேல் குறுக்கே நிற்கும்.

இனி வெயில் கதை. என் டயோடின் த்ரெஷோல்டு, அதாவது லேசராக எரியத் தொடங்க வேண்டிய கரண்ட், சாதாரண அறைச் சூட்டில் 24 மில்லிஆம்பியர். பயாஸ் 30 வைத்தால் கரண்ட் 26-க்கும் 34-க்கும் நடுவே ஆடும், அலை அழகாக இருக்கும். மொட்டை மாடித் தகரக் கூரைக்குக் கீழே டயோடு நாற்பது டிகிரி தொட்டதும் த்ரெஷோல்டு 28-க்கு ஏறிவிடுகிறது. அப்போது அலையின் அடிப்பகுதி வெட்டுப்படும். அணைந்து மறுபடி எரிய ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சின்னத் தாமதம்; ஒரு நானோசெகண்ட் தாமதமே 15 சென்டிமீட்டர் பிழை. புராஜெக்ட்டுக்கு வந்த ஒரு தம்பி, "அண்ணே, காலையில சரியா காட்டுது, உச்சைக்கு சுவரு தள்ளிப் போவுது" என்றான். அவன் பார்த்தது சரிதான்.

LM317 ரெகுலேட்டர் ஐசி வைத்து நிலையான கரண்ட் கொடுப்பவர்கள் நிறைய. மார்கழி ராத்திரிக்கு அது போதும். வருஷம் முழுக்க ஓட வேண்டுமென்றால் கரண்டை நிலைநிறுத்தாதீர்கள், ஒளியை நிலைநிறுத்துங்கள். மூன்று கால் டயோடின் உள்ளேயே மானிட்டர் போட்டோடயோடு இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் ஐசி) கரண்டைச் சரிசெய்யட்டும். ஆனால் பார்த்துத் திருத்தும் அந்த லூப் மந்தமாக, சில பத்து ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். சுறுசுறுப்பாக வைத்தால் மாடுலேஷனையே (நாம் ஏற்றிய சைன் அலையையே) பிழை என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். இதை மாற்றிய பிறகு சித்திரை மத்தியானத்திலும் அளவு அசையவில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண அறைச் சூட்டில் அதே ஒளிக்கு வேண்டிய கரண்ட், தொடக்கத்தில் 30 இருந்தது, இப்போது 33-ஐத் தொட்டிருக்கிறது. டயோடு மெல்ல மூப்படைவது மீட்டரிலேயே தெரிகிறது.

உச்சத்தையும் கவனியுங்கள். சராசரி ஒளி அளவுக்குள் இருந்தாலும், அலையின் முகடு வரம்பைத் தாண்டினால் ஒளி வெளிவரும் டயோடின் முகப்பு ஒரு கணத்தில் கருகும். அதன்பிறகு எல்ஈடி மாதிரி மங்கலாக எரியும், அவ்வளவுதான்.

ஐப்பசி இடிமழைக் காலத்தில் ஈபி லைனை நான் நம்புவதில்லை. இரண்டு 18650 லித்தியம் செல்லில்தான் ஓட்டம். டயோடின் குறுக்கே தலைகீழாக ஒரு 1N4148 (சாதாரணச் சின்ன டயோடு) கட்டாயம் வேண்டும், ரிவர்ஸில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் இது தாங்காது. குளச்சல் பக்கம் நண்பர் வீட்டில் வைத்த இன்னொரு செட்டில், ஒரு மழைக்காலம் கழிவதற்குள் பித்தளைக் குழலில் பச்சைக் களிம்பு, லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை. பெட்டியை அடைத்து சிலிக்கா ஜெல் போட்ட பிறகு அது நின்றது. அடைக்கும் கண்ணாடியை நேராக வைக்காமல் லேசாகச் சாய்த்து வையுங்கள். ஒளி டயோடுக்குள்ளேயே திரும்பினால் இரைச்சல் கூடும்.

ரிசீவருக்கு BPW34 போட்டோடயோடை 12 வோல்ட் ரிவர்ஸ் பயாஸில் வைத்திருக்கிறேன். பயாஸ் இல்லாமல் எழுபது பிகோஃபாரட் இருக்கும் அதன் கெப்பாசிட்டன்ஸ், இதில் நன்றாகக் குறைந்துவிடும். பத்து மெகாஹெர்ட்ஸுக்குத் தாராளம்.

கடையில் கிடைக்கும் டிடிஎல் மாட்யூலை இதற்கு வாங்க வேண்டாம். அது எரியும், அணையும். நடுவில் நிற்கத் தெரியாது. ஒரே ஒரு ரெசிஸ்டரோடு வரும் மலிவான பித்தளைக் குழலை வாங்கி, அந்த போர்டைக் கழற்றி, டயோடையும் லென்ஸையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மானிட்டர் கால் இல்லையென்றால் 5.6 மில்லிமீட்டர் உலோகக் கேனில் வரும் டயோடாகத் தனியே கேட்டு வாங்குவதே நல்லது.