பால் ஊற்றினால் தோற்கும் டார்ஜிலிங்

எங்கள் வீட்டில் டீ என்றால் டஸ்ட் டீதான். இஞ்சி தட்டிப் போட்டு, பாலோடு கொதிக்கவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. அம்மாவின் கை அளவு மாறி நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜை விடுமுறையில் அந்தச் சமையல் மேடையில் ஐந்து வெள்ளைக் கப்புகளை நான் வரிசையாக வைத்ததும், “இதென்ன கண்ணு, டீக்கடை போடறயா?” என்றார்.

போட்டிக்கு வந்தவை நான்கு இலைத் தேயிலைகள். குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் ஜனவரிப் பனியில் பறித்த நீலகிரி. மார்ச் மாத முதல் பறிப்பு டார்ஜிலிங். ஜூன் மாத இரண்டாம் பறிப்பு அஸ்ஸாம். அப்புறம், பதுளை நண்பர் ஒருவர் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து தந்த, இலங்கை மலைத் தேயிலையான ஊவா. ஐந்தாவது கப்பில் எங்கள் வீட்டு டஸ்ட். அது இல்லாமல் போட்டி நடத்தினால் அம்மாவுக்கு அவமரியாதை.

முதல் நாள் கூத்து முழுக்க என் தப்பு. எல்லாவற்றிலும் ஆளுக்கொரு ஸ்பூன் போட்டேன். முறுக்கிய நீள இலை ஸ்பூனில் குவிந்து நிற்குமே தவிர எடை இருக்காது. டஸ்ட் அடியில் அடர்ந்து உட்கார்ந்துகொள்ளும். டார்ஜிலிங் வெந்நீர் மாதிரி இருந்தது, டஸ்ட் கசாயம். மறுநாள் நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கினேன். தேநீரைச் சுவைபார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச நியமமே இருக்கிறது, 1980-இல் வந்தது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். இது குடித்து ரசிப்பதற்கான அளவு இல்லை, குறை கண்டுபிடிப்பதற்கான அளவு. 6 நிமிடத்தில் எந்தத் தேயிலையும் தன் கெட்ட குணத்தைக் காட்டிவிடும். நான் இலை அளவை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை 4 நிமிடமாகக் குறைத்தேன். மனைவி கப்புகளின் அடியில் எண் ஒட்டி இடம் மாற்றி வைத்தாள். எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது, சாயத்தின் நிறம் அதில் தெரியாது.

குடிக்கும் முறையும் வேறு. ஸ்பூனில் எடுத்து, காற்றோடு சேர்த்து ‘சர்ர்’ என்று உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சத்தம் வராமல் குடி என்று சின்ன வயதில் திட்டு வாங்கியவனுக்கு இது பெரிய விடுதலை.

பால் இல்லாத முதல் சுற்றில் எனக்குப் பிடித்தது டார்ஜிலிங். வெளிறிய பொன்னிறம், பூவாசம், செங்காய்க் கொய்யாவைக் கடித்த மாதிரி நாக்கோரத்தில் ஒரு துவர்ப்பு. வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோலத் தேயிலையும் காற்றுபட்டுக் கறுக்கும். முதல் பறிப்பில் இது முழுதாக நடக்காததால் காய்ந்த இலையிலேயே பச்சை தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: இது சீக்கிரம் வாசம் போகிற சரக்கு. முன்பு ஒரு கடையில், வெயில் படும் கண்ணாடி ஜாடியிலிருந்து அள்ளிக் கொடுத்த டார்ஜிலிங்கை வாங்கி, வைக்கோல் தண்ணீர் குடித்த அனுபவம் எனக்கு உண்டு. பறித்த மாதம் அச்சிடாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

நீலகிரி எனக்குச் சொந்த ஊர்ச் சரக்கு மாதிரி. கோயம்புத்தூரிலிருந்து இரண்டரை மணி நேரம் மலையேறினால் தோட்டம் வந்துவிடும். ஆனால் எண் ஒட்டிய கப்பில் அதை நான் கண்டுபிடிக்கவில்லை, இலங்கைத் தேயிலை என்று எழுதிவைத்தேன். தெளிவான செம்பொன் சாயம், லேசான எலுமிச்சை வாசம், கசப்பே இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, குடித்து முடித்த பிறகு நினைவில் நிற்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. அஸ்ஸாமை மட்டும் வீட்டில் எல்லோருமே சரியாகச் சொன்னோம். புத்தகங்கள் ‘மால்ட் மணம்’ என்கின்றன. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வருகிற வாசனை என்றால் நமக்குப் புரியும். பிரம்மபுத்திராச் சமவெளியின் வெக்கையிலும் மழையிலும் அகலமாக வளர்கிற இலை, சாயமும் அதற்கேற்ற கனம்.

ஊவாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும். கச்சான் காற்று என்பார்கள். அந்தக் காற்றில் தவிக்கிற கொழுந்தில் ஒரு தனி வாசம் ஏறுகிறது. அதில் முக்கியமானது மெத்தில் சாலிசிலேட், வலித் தைலங்களில் சேர்க்கிற அதே சரக்கு. கப்பை மூக்கருகே கொண்டுபோனதும் அம்மா முகத்தைச் சுளித்தார். “யாரு இதுல தைலத்தைக் கொட்டுனது?” எனக்கும் முதல் மடக்கு அப்படித்தான் இருந்தது. மூன்றாவது மடக்கில் விட முடியவில்லை. வாய் முழுக்கக் குளிர்ச்சி, அதற்குக் கீழே நல்ல விறுவிறுப்பான துவர்ப்பு.

கொண்டுவந்த நண்பரின் கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். நண்பருடைய பாட்டி கடைசிவரை கொழுந்து பறித்தவர். இந்த மாதிரிப் பருவத் தூளை வீட்டில் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “அதெல்லாம் கொழும்புக்கு ஏலத்துக்குப் போற தூள் அண்ணே. நாங்க குடிச்ச தேத்தண்ணி வேற” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இரண்டாம் சுற்றில் அதே சாயத்தில் காய்ச்சிய பால் ஊற்றினோம். வரிசை தலைகீழானது. டார்ஜிலிங் செத்தே போனது. பூவாசமும் இல்லை, டீ வாசமும் இல்லை, மஞ்சளாக ஏதோ வெதுவெதுப்பான பால். நீலகிரி சுமார். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. துவர்ப்பே குறைவாக உள்ள தேயிலைக்கு அப்புறம் கையிருப்பு ஏது? அஸ்ஸாம் அசையவில்லை, செங்கல் நிறத்துக்கு வந்து இன்னும் மெருகேறியது. ஊவா எதிர்பாராத இரண்டாமிடம், தைல வாசம் அடங்கி ஏலக்காய் போட்டதோ என்று நினைக்கவைத்தது. வெறும் சாயமாகக் கடைசியில் கிடந்த எங்கள் வீட்டு டஸ்ட், பாலில் மூன்றாமிடத்துக்கு ஏறிவிட்டது. இதில் ஆச்சரியமில்லை. பல்லுருளைகளுக்கு இடையே இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறை 1930-களில் அஸ்ஸாமில் வந்தது, எங்கள் டஸ்ட் அந்த வகை. இலையின் சாறு முழுக்க வெளியே வந்து காய்ந்து நிற்பதால் சாயம் உடனே இறங்கும், பாலைத் தாங்கும். அதைப் பால் இல்லாமல் குடித்துவிட்டு மட்டமான டீ என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

மிச்சமிருந்த கப்புகளைக் கழுவச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். நல்லதாகப் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து அஸ்ஸாம் கலங்கி, பால் கலந்ததுபோல் மங்கியிருந்தது. கெட்டுப்போகவில்லை, சாயத்தின் கனமான பொருள்கள் காஃபீனோடு சேர்ந்து ஆறும்போது பிரிந்து நிற்கின்றன, வலுவான டீக்கு அது அடையாளம். நீலகிரி மட்டும் கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. ஐஸ் போட்டு எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தபோது நினைவில் நிற்காதது, குளிரவைத்ததும் மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்தது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இத்தனையும் சிறுவாணித் தண்ணீரில் செய்தது. ஒரு தடவை சோதனைக்காக போர்த் தண்ணீரில் அதே டார்ஜிலிங்கைப் போட்டேன். மேலே எண்ணெய்ப் படலம்போல் ஆடை, சாயம் கறுத்து மந்தமாக, பூவாசம் சுத்தமாக இல்லை. உப்புத் தண்ணீர் வருகிற வீட்டில் விலையுயர்ந்த தேயிலை வாங்குவது வீண். கேன் தண்ணீராவது பிடித்து வையுங்கள்.

டார்ஜிலிங் 100 கிராமுக்கு நான் கொடுத்த விலையில், வீட்டு டஸ்ட் ஒரு கிலோவுக்கு மேல் வரும். இனி டார்ஜிலிங் 50 கிராமுக்கு மேல் வேண்டாம், சித்திரையில் வாங்கி ஆடிக்குள் தீர்க்க வேண்டும். தினசரிக்கு டஸ்ட்டில் பாதி அஸ்ஸாம் கலக்கலாம் என்றேன். அம்மா ஒரு வாரம் கலந்து பார்த்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார். இஞ்சி வாசம் அமுங்கிப்போகிறதாம்.

ஊவா டப்பாவை மட்டும் அவர் பக்கத்து அலமாரிக்கு மாற்றிக்கொண்டார். தலைவலி வந்தால் முதலில் கொஞ்ச நேரம் மோந்து பார்க்கிறார், அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்.