போட்டி நாடகத்துக்கு வாடகைச் சாமான்: மதுரைச் சீன் கடை ஒன்றின் மதிப்புரை

பல்கலைக்கழக இளைஞர் விழாவின் ஓரங்க நாடகப் போட்டிக்கு அணியைத் தயார்செய்யும் எந்தக் கல்லூரியும் ஒரு கட்டத்தில் வாடகைச் சாமான் கடைக்குப் போக வேண்டியிருக்கும். மேடைத் தளவாடம், ஒப்பனைப் பொருள் முதலியவற்றை அணியே கொண்டுவர வேண்டும் என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் விழாக்களின் விதி. விளக்கையும் சாதாரண நாற்காலி மேசையையும் மட்டுமே விழா நடத்துபவர்களிடம் எதிர்பார்க்கலாம். எங்கள் கல்லூரி நாடகக் குழுவின் பொறுப்பாசிரியன் என்ற முறையில், இந்தத் தேவைக்காக மதுரையில் நாங்கள் பயன்படுத்திய ஒரு கடையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் கடையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்குச் சீன், அதாவது காட்சித் திரையும் மேடைச் சாமானும், வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் மதுரை வட்டாரத்தில் பல இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் நிறைகுறைகள் இதை ஒத்தே இருக்கும் என்பது என் கணிப்பு.

இக்கடை முதலில் யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அங்கே எதை வாங்கலாம், எதை விடலாம் என்பது தெளிவாகும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம் தென்மாவட்டங்களின் கோவில் திருவிழாக்களில் இன்றும் இரவு முழுவதும் நடக்கிறது. தர்பார், தெரு, காடு, வீடு என்று காட்சி எழுதிய திரைகளான படுதாக்களும், ராஜபார்ட் என்னும் நாயக வேடத்துக்கும் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடத்துக்கும் உரிய உடைகளும், மேடைத் தட்டுமுட்டுகளும் அந்த நாடகங்களுக்காகவே இங்கே சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. கோடைத் திருவிழாக் காலத்தில் இவை லாரியில் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. இளைஞர் விழாக்களோ பெரும்பாலும் கார்த்திகை தொடங்கித் தை, மாசி வரையிலான மாதங்களில் வருகின்றன. கடையில் சாமான் ஓய்வாகக் கிடக்கும் காலமும் நமக்குத் தேவைப்படும் காலமும் ஒன்றாக அமைவது மாணவர் அணிகளுக்கு வாய்த்த பெரிய வசதி. கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும், வாடகையிலும் பிடிவாதம் காட்டமாட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் மாணவர்களின் கண் படுதாக்கள்மேல்தான் போகும். மூங்கிலில் சுருட்டி அடுக்கிய அவற்றுள் ஒன்றை விரித்துக் காட்டினாலே, அதில் எழுதியிருக்கும் தூண்களும் மாடங்களும் தருகிற பிரமிப்பில், எங்கள் நாடகத்துக்கு இது வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் அணியிலும் சொன்னார்கள். அப்போது கடைக்காரர் கேட்ட கேள்வி, "தம்பி, இதத் தொங்கவிடுறதுக்கு அந்த மேடையில கம்பி இருக்கா, கேட்டீங்களா?" என்பதுதான். வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இந்தக் கேள்விக்காகவே இக்கடைக்கு என் மதிப்பெண்ணில் பாதியைக் கொடுத்துவிடலாம். ஓரங்க நாடகத்துக்கு உச்சவரம்பு 30 நிமிடம். மேடையை அமைப்பதற்கும் முடிந்தபின் ஒழித்துக் கொடுப்பதற்கும் 10 நிமிடம் வரையே தருவார்கள். வெறும் மேடையாகத் தந்து வெறும் மேடையாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது அங்கே நடைமுறை. முன்பின் பார்த்திராத ஓர் அரங்கில் கயிறும் உருளையும் தேடிப் படுதாவை ஏற்றி இறக்க அந்த நேரம் போதவே போதாது. ஸ்பெஷல் நாடகத்தில் சீன் கட்டுபவர்கள் பகலிலேயே வந்து நிதானமாக வேலையை முடித்துவிடுவார்கள். அந்த வசதியை நம்பி எழுதப்பட்ட பொருள் அது. போட்டிக்குப் படுதா வேண்டாம் என்பதே என் முடிவு.

நாங்கள் எடுத்தவை பெரும்பாலும் மரப்பெட்டிகளும் மடிப்புத் தட்டிகளும்தான். எங்கள் நாடகம் ஒரு கண்மாயின் மடையை யார் திறப்பது என்பதில் இரண்டு ஊர்கள் மோதிக்கொள்ளும் கதை. அதில் கரையும் மடையும் பஞ்சாயத்துத் திண்ணையும் பேருந்தும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று அளவில் செய்த பெட்டிகள் இக்கடையில் இருக்கின்றன. திருவிழா மேடைகளில் சிம்மாசனத்துக்குப் படியாக அவற்றைப் போட்டு மேலே துணி மூடுவார்களாம். துணியை எடுத்துவிட்டுப் பெட்டிகளை மட்டும் கொண்டுவந்தோம். அடுக்கினால் கரை, கவிழ்த்து நடுவில் இடைவெளி விட்டால் மடை, வரிசையாக வைத்தால் பேருந்து இருக்கை. நாடகம் எந்த இந்திய மொழியிலும் இருக்கலாம் என்பதும், மாநில மொழியில் நடிப்பவர்கள் கதைச் சுருக்கத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பதிவின்போதே கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதிகள். பல பல்கலைக்கழகங்கள் கூடும் மண்டல விழாவில் நடுவர்களுள் தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்று எண்ணியே ஆயத்தம் செய்ய வேண்டும். வசனம் எட்டாத இடத்தில் ஒரு பெட்டி கண்ணெதிரே வேறு பொருளாக மாறுவது எட்டும். நடிப்பு, கருப்பொருள் ஆகியவற்றோடு மேடைக்கலையும் வடிவமைப்பும் சேர்த்தே மதிப்பிடப்படுவதால், இந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்த வாடகை வீண் போகாத வாடகை.

வாங்கும்போதே ரயிலையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விழா வேறு மாநிலத்தில் நடந்தால் எல்லாவற்றையும் படுக்கை வகுப்புப் பெட்டியில்தான் கொண்டுபோயாக வேண்டும். அந்த வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். ஓரங்க நாடகத்துக்கு நடிகர்கள் 9 பேர், துணைக்கு 3 பேர் என்று 12 பேர் போவதால் எடையைப் பற்றிக் கவலையில்லை. அளவுதான் சிக்கல். கையோடு எடுத்துச் செல்லும் பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ரயில்வே விதி. அதைத் தாண்டினால் சரக்குப் பெட்டியில் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். வழியில் வண்டி மாறும் பயணமாக இருந்தால், அணி ஒரு நாளும் சாமான் மறுநாளும் போய்ச் சேரும் அபாயம் இதில் உண்டு. கடைக்காரரிடம் இதைச் சொன்னதும், தட்டிகளின் கீலைக் கழற்றித் தனித்தனிப் பலகைகளாக்கி, திருகாணிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். பெட்டிகளைக் கழற்ற முடியவில்லை. அவற்றுக்குச் சரக்குக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். வெளிமாநில வேலை இவர்களுக்குப் பழக்கமில்லை என்பதால், நாம் கேட்காமல் அவர்களாக இதையெல்லாம் யோசிக்கமாட்டார்கள்.

இக்கடை தரும் சேவைகளுள் நான் முதலிடம் கொடுப்பது வாடகைப் பட்டியலிலேயே இல்லாத ஒன்றுக்கு. கிடங்கின் பின்புறம் கூரை வேய்ந்த ஒரு களம் இருக்கிறது. சாமானை எடுத்துச் செல்வதற்கு முன், அங்கேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, கடிகாரம் வைத்து, அமைப்பதையும் ஒழிப்பதையும் மாணவர்கள் பழகிக்கொள்ள விட்டார்கள். யார் எதைத் தூக்குவது, எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது, முதலில் எது கீழே அமர வேண்டும் என்பதெல்லாம் கல்லூரி வகுப்பறையில் நாற்காலிகளை வைத்துப் பழகியபோது பிடிபடவே இல்லை. உண்மையான எடை கைக்கு வந்ததும் தானாக ஒழுங்குபட்டது. ஒளி அமைப்பவரும் ஒலி அமைப்பவரும் சேர்ந்து சாமான் தூக்கினால்தான் கணக்கு சரியாக வருகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. இதற்கென்று அவர்கள் தனியாகப் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கலாம்.

உடைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சமிக்கி தைத்த வெல்வெட் அங்கி, கிரீடம், தோளில் அணியும் புஜகீர்த்தி ஆகியவற்றில் இக்கடையை மிஞ்ச முடியாது. புராண நாடகமோ கூத்து வடிவமோ போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சமகாலக் கதைக்கு இங்கே எதுவும் தேறாது. இருக்கும் வேட்டி, சட்டை, புடவைகளில் பூச்சி உருண்டை வாடை அடிக்கிறது, அளவும் பொருந்துவதில்லை. எங்கள் நாடகத்துக்கு வேண்டிய துணிகளை மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிமாரிடமிருந்தே கொண்டுவந்தார்கள். அவை மேடையில் உண்மையாகவும் இருந்தன. கைப்பொருள்களில் கடை மீண்டும் தலைநிமிர்கிறது. அரிக்கேன் விளக்கு, கயிற்றுக் கட்டில், நெல் அளக்கும் மரக்கால், பழைய தொலைபேசி, தகரப் பெட்டி என்று நிஜமாகவே புழங்கித் தேய்ந்த சாமான்கள் இருக்கின்றன. அட்டையில் செய்து வண்ணம் பூசிய பொருளைக் கையில் பிடிக்கும் மாணவனும், கனக்கிற ஒரு மண்வெட்டியைப் பிடிக்கும் மாணவனும் ஒரே மாதிரி நடிப்பதில்லை. கடைசி வாரத்தில் கொண்டுபோவதைவிட ஒத்திகையின் நடுவிலேயே இவற்றைக் கொண்டுபோவது நல்லது. ஆனால் வாடகை நாள் கூடும்.

ஒப்பனைக்கு அனுபவமுள்ள ஒருவரைக் கடையே ஏற்பாடு செய்து தருகிறது. எங்களுக்கு வந்தவர் பல ஆண்டுகள் பபூன் என்னும் கோமாளி வேடம் கட்டியவர், பொறுமைசாலி. ஆனாலும் அவர் கற்றுத்தந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊர்த் திடலில், குழல்விளக்கு வெளிச்சத்தில், தொலைவில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் போடும் ஒப்பனை அடர்த்தியானது. அரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நடுவருக்கு அது முகமூடியாகவே தெரியும். இப்போது பல அரங்குகளில் எல்இடி பார் (PAR) மேடை விளக்குகள்தான் இருக்கின்றன. மலிவான எல்இடி வெளிச்சத்தில் ரோஜா நிறப் பூச்சு சாம்பல் தட்டிப்போவதும் உண்டு. பான்கேக் என்னும் முகப்பூச்சை ஈரப் பஞ்சால் மெல்லிதாகப் பரப்புவது, வியர்வையில் கலையாமல் பவுடரால் நிலைநிறுத்துவது, ஸ்பிரிட் கம் என்னும் பசை தடவி மீசை ஒட்டுவது, தோல் உரியாமல் அதை எடுப்பது ஆகிய நான்கை மட்டும் மாணவர்கள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. துணைக்குப் போகும் 3 பேரில் ஒருவரை ஒப்பனைக்கென்று ஒதுக்கிவிட்டால் ஒளிக்கும் ஒலிக்கும் ஆள் நெருக்கடி வரும். ஒவ்வொரு நடிகரும் தம் முகத்தைத் தாமே போட்டுக்கொள்ளப் பழகுவது அவசியம். ஸ்பெஷல் நாடக நடிகர்கள் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள்.

கடையிலுள்ள விளக்குகளும் ஒலிபெருக்கியும் போட்டிக்குத் தேவைப்படாதவை. இடியோசைக்கான தகரத் தகடு ஒன்று மட்டும் எடுத்தோம், நன்றாக இருந்தது.

இனிக் குறைகள். முதலாவதும் முக்கியமானதும் கணக்கு. ரசீது கிடையாது. பொருள்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி முன்பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். திரும்பக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த விரிசலா இப்போது விழுந்ததா என்ற பேச்சு எழுந்து, எங்கள் முன்பணத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. கல்லூரிக் கணக்குப் பிரிவுக்கு ரசீது இல்லாத செலவைப் புரியவைப்பது வேறு ஒரு பாடு. எடுக்கும்போதே ஒவ்வொரு பொருளையும் கைப்பேசியில் படம்பிடித்து, கடைக்காரர் கண்ணெதிரே பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது குறை, முன்பதிவுக்கு மதிப்பில்லை. நாங்கள் பார்த்துவைத்த கயிற்றுக் கட்டில் உரிய நாளில் வேறு எங்கோ போயிருந்தது. பதிலாகத் தந்தது நீளத்தில் பெரியது. ஒரு நடிகர் கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழும் காட்சியை அதற்காகவே மாற்ற வேண்டியதாயிற்று. திருவிழா மேடையில் கட்டில் என்றால் ஏதோ ஒரு கட்டில், அவ்வளவுதான். போட்டி நாடகத்தில் அங்குலம் அங்குலமாக அசைவு பழகியிருக்கும். இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. காட்சியே ஒரு பொருளை நம்பி இருக்கிறது என்றால், அதை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகச் செய்துகொள்வதே பாதுகாப்பு.

மூன்றாவது, நாள் கணக்கு. நாடகம் அரை மணி நேரம்தான் என்றாலும், விழா நான்கைந்து நாள் நடக்கிறது. போகவும் வரவும் ஆகும் நாள்களையும் சேர்த்தால் ஒரு வாரத்தைத் தாண்டிவிடும். கடையோ எடுத்த நாளையும் கொடுத்த நாளையும் முழு நாளாகவே எண்ணுகிறது. ஒரே இரவில் போய்த் திரும்பும் சாமானுக்கு வகுத்த கணக்கை இதற்கும் போடுவது நியாயமில்லை என்று வாதாடி, மொத்தத் தொகையாகப் பேசி முடித்தோம். நாள் வாடகைக்கு ஒப்புக்கொள்ளாமல் முதலிலேயே மொத்தமாகப் பேசுவது நல்லது. கல்லூரியின் பெயரைச் சொன்னால் தொகை சற்று ஏறும் என்பதால், பேசுவதற்கு ஆசிரியரைவிட மாணவர்களை அனுப்புவதே மேல்.

மாவட்ட அளவிலான கல்லூரிப் போட்டிகளுக்கு இக்கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மண்டல விழாவுக்குப் போகும் அணிகள் பெட்டி, தட்டி, கைப்பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் போகலாம். குறுநாடகப் (ஸ்கிட்) போட்டிக்குப் போகிறவர்களுக்கு இங்கே வேலை குறைவு. 6 பேர் 10 நிமிடத்தில் நடித்து முடிக்கும் அதற்கு இரண்டு கைப்பொருள் இருந்தாலே அதிகம். ஊமை நாடகத்துக்கு ஒன்றுமே தேவையில்லை. போவதென்றால் காலை பத்து மணிக்கு மேல் போகலாம். மாசிக் கடைசிக்குள் போய்விட வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் பெட்டிகள் சிம்மாசனத்துக்கு அடியில் போய்விடும், கடைக்காரரும் லாரியோடு போய்விடுவார்.