சோலார் வாட்டர் ஹீட்டர் மாற்றப் போகிறவர்கள் படியுங்கள்: எனக்கு 38,500 ரூபாய் போயிற்று

நேற்று மதியம் நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் தொட்டி, யாரோ ஏறி மிதித்த தகர டப்பாபோல நசுங்கிக் கிடக்கிறது. வைத்து 12 நாள்தான் ஆகிறது. கொடுத்தது 38,500 ரூபாய்.

பழைய தொட்டி 11 வருடம் உழைத்தது. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு அரித்து, கார்த்திகையில் ஒழுக ஆரம்பித்தது. அத்தைக்கு 79 வயது. முழங்கால் வலிக்குக் காலையில் வெந்நீர் ஊற்றியே ஆக வேண்டும். அதனால் அவசரப்பட்டு, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் கைப்பேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். தொட்டி, குழாய் வேலை எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய், முழுப் பணமும் முன்னதாகவே.

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். செருப்பை மாடிப்படியின் கீழேயே கழற்றிவிட்டு ஏறினான். அத்தை காபி கொடுத்தபோது, "எங்கள் பாட்டிக்கும் இதே கால்வலிதான்" என்றான். அதில்தான் நான் விழுந்தேன். தொட்டியின் மேலிருந்து நிற்கும் காற்றுக்குழாயில் பழைய நாளிலிருந்தே தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் பாசி பிடித்திருந்தது. "இதை அடைத்துவிடுகிறேன் அம்மா, இனிமேல் ஒரு சொட்டுச் சிந்தாது" என்று சொல்லி ஒரு மூடியைப் போட்டுப் பசை தடவினான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன். பிறகு, "அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள், வேலை முடிந்ததற்கான ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிடுங்கள்" என்றான். வெந்நீர் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் வெந்நீர்க் குழாய் வளைந்து தொங்கியது. செயலியில் கேட்டதற்கு, "வெயிலில் கொஞ்சம் வளையத்தான் செய்யும்" என்றார்கள். நேற்று மின்வாரியப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்சாரம் இல்லை. மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கீழே துணி அலசிக்கொண்டிருந்தபோது மாடியில் 'டம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டி குழிந்து, வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழாய்களில் மூன்று உடைந்து, வெந்நீர் மாடி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, பிள்ளைகள் யாரும் மாடியில் இல்லை.

எங்கள் தெருவில் நெடுநாளாகக் குழாய் வேலை செய்யும் பெரியவர் மாலையில் வந்து பார்த்தார். மூடியைத் தொட்டுக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் காற்றுக்குழாய் தொட்டி மூச்சு விடும் வழியாம். சூடேறும்போது ஆவியும் காற்றும் அதன் வழியாக வெளியேறும். தண்ணீர் இறங்கும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகும். சொட்டியதற்குக் காரணம் அதன் உயரம் மேல் தொட்டியின் நீர்மட்டத்தைவிடக் குறைவாக இருந்ததுதான். உயர்த்திவிட்டிருந்தால் போதும். குளிர்நீர்க் குழாயில், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் வைக்கவில்லை. மேல் தொட்டி காலியானதும், கீழே திறந்திருந்த குழாய் சோலார் தொட்டியிலிருந்த தண்ணீரைப் பின்பக்கமாக இழுத்திருக்கிறது. உள்ளே போகக் காற்று இல்லை, மெல்லிய தகடு சுருங்கிவிட்டது. வெந்நீருக்குப் போட்டிருந்தது சாதாரண பி.வி.சி. குழாய், 60 டிகிரிக்கு மேல் அது இளகும். நல்ல வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் அதைத் தாண்டிவிடும். 93 டிகிரி வரை தாங்கும் சி.பி.வி.சி. குழாய்தான் போட்டிருக்க வேண்டும்.

அந்த ஆளின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. செயலியின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் சொன்னார்: "ஓ.டி.பி. கொடுத்திருக்கிறீர்கள், வேலை சரியாக முடிந்ததாகத்தான் பதிவாகியிருக்கிறது." தொட்டி செய்த கம்பெனியைக் கேட்கச் சொன்னார். கம்பெனியிலோ, "காற்றுக்குழாயை அடைத்தால் வாரண்டி செல்லாது, பொருத்தியவரைக் கேளுங்கள்" என்றார்கள். மறுபடி செயலிக்கு. இந்த முறை வேறொருவர், "உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் இருக்கும்" என்றார். 12 நாளில் உப்பு ஒரு தொட்டியை நசுக்குமா? 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சா இது? இரவு எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்று!

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. காற்றுக்குழாயை யார் சொன்னாலும் அடைக்க விடாதீர்கள். வெந்நீர் லைனில் என்ன குழாய் என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வால்வு எங்கே என்று கேட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு வெயில் நாள் போகாமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், முழுப் பணமும் முன்பே கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். அவன் போட்ட மூடியைக் கழற்றவில்லை. படம் எடுத்து அப்படியே விட்டிருக்கிறேன். அத்தை கூப்பிடுகிறார், அடுப்பில் வெந்நீர் வைக்கப் போகிறேன்.