ஈ.சி.ஆரில் ஒரு லோடு தர்பூசணி: நான்கு வழிச் சாலைக்கு என் மதிப்பெண்

திருவான்மியூரிலிருந்து கடப்பாக்கம் வரை வாரத்துக்கு இரண்டு தடவை ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், சின்ன யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) ஓட்டுகிறவன் நான். மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் தர்பூசணி, மற்ற நாட்களில் இளநீர், கிர்ணி, எது கிடைக்கிறதோ அது. அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் ஜூஸ் கடைகளுக்குப் போடுகிறேன். இந்தச் சாலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை காரில் பாண்டிச்சேரி போகிறவர்கள். எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம், வழியில் எங்கே காபி நன்றாக இருந்தது என்று எழுதுவார்கள். தவறில்லை. ஆனால் டோல் கட்டி, சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இந்தச் சாலை எப்படி இருக்கிறது என்றும் யாராவது எழுத வேண்டுமே, அதனால்தான் இது.

என் கணக்கு ஒன்றே ஒன்று: காய் எத்தனை உடைந்தது. வண்டியில் வைக்கோல் பரப்பி, பெரிய காய்களை அடியில் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் மறுபடி வைக்கோல் போடுவோம். என்ன போட்டாலும் வேகத்தடையில் ஒரு தூக்கு தூக்கினால் மேலே இருக்கிற பாரம் முழுக்க அடி வரிசையில்தான் இறங்கும். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும், பின்கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். கதவு இடுக்கில் சிவப்பாகத் தண்ணீர் சொட்டினால் அடி வரிசை போச்சு. பழைய இரண்டு வழிச் சாலையில் ஒரு லோடுக்கு ஏழெட்டுக் காய் போகும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுத் தளம் போட்ட இடங்களில் ஓட்ட ஆரம்பித்த பிறகு இரண்டு, மூன்று, சில நாள் ஒன்றுகூட இல்லை. டீசலும் மிச்சம்தான், ஏனென்றால் பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டு, எதிரில் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்து ஏறுகிற வேலை இப்போது இல்லை.

இந்தச் சாலை வந்த கதை இளவயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. கடலோர ஊர்களுக்குள் போய்க்கொண்டிருந்த சின்னச் சின்ன ரோடுகளைச் சேர்த்து, 1990களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரே சாலையாக்கினார்கள். 2002இல் டோல் வந்தது. அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை நான்கு வழி முதலில் முடிந்தது. அதற்குத் தெற்கே இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. மாமல்லபுரம் முதல் முகையூர், முகையூர் முதல் மரக்காணம், மரக்காணம் முதல் புதுச்சேரி என்று மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கடைசித் துண்டு 46 கி.மீ., அதற்கு 2,157 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. ஒவ்வொரு அறிவிப்பிலும் "இந்தப் பகுதியின் பொருளாதாரம் வளரும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் நம்புகிறேன். என் தொழிலிலேயே பார்த்துவிட்டேன். செய்யூர் பக்கத்துத் தர்பூசணி, மரக்காணம் உப்பு, சவுக்குக் கட்டை, மீன் எல்லாம் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வருகிறது. விடியற்காலை அறுத்த காய் காலை பத்து மணிக்குள் கடைக்கு வந்தால் அதற்கு ஒரு விலை, மதியம் வந்தால் வேறு விலை.

சரி, குறைக்கு வருகிறேன்.

கூவத்தூர் தாண்டி என் அத்தை வீடு. வீடு கடல் பக்கம், நிலம் சாலைக்கு மேற்கே. வீட்டு வாசலில் ஓலைப் பந்தல் போட்டு நுங்கும் தர்பூசணியும் விற்பார். பாண்டிச்சேரி போகும்போது யாரும் பழம் வாங்க மாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் வாங்குவார்கள், இது பந்தல் போட்ட எல்லோருக்கும் தெரியும். முன்பு சென்னைக்குத் திரும்புகிற கார்கள் சாலையைக் குறுக்கே கடந்து பந்தலில் வந்து நிற்கும். இப்போது நடுவில் மீடியன், அதாவது தடுப்புக் கட்டை, வந்துவிட்டது. வியாபாரம் முழுக்க எதிர்ப்பக்கம். போன சித்திரையில் நான் லோடு ஏற்றப் போயிருந்தபோது, அத்தை தலையில் கூடையோடு அந்த முழங்கால் உயரக் கட்டையில் ஒரு காலைத் தூக்கி வைத்து, புடவையைப் பிடித்துக்கொண்டு, கார் வருகிறதா என்று பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓடிப்போய்க் கூடையை வாங்கினேன்.

"சுத்திப் போகலாமில்ல அத்தே?"

"சுத்திப் போனா கால் மணி நேரம்பா. ரோடு நல்லாத்தான் இருக்குது, இல்லேன்னு சொல்லல. நான் எந்தப் பக்கமா அந்தாண்ட போறது, அத சொல்லு."

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இந்தச் சாலையில் ஓட்டும்போதெல்லாம் நான் பார்ப்பது மீடியனில் எங்கே இடைவெளி இருக்கிறது, யார் அங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வலை சுமந்துகொண்டு வருகிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள். காரோ 90இல் வருகிறது.

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் போல நம் சாலை வர வேண்டும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து வளர்ந்த சாலைகள் அவை. அங்கே ஒரு லேன் 12 அடி. நம் நான்கு வழிச் சாலையில் லேன் 3.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய பதினொன்றரை அடி. அகலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை! வித்தியாசம் எங்கே என்றால், அங்கே யாரும் நினைத்த இடத்தில் உள்ளே நுழைய முடியாது, சிக்னல் கிடையாது, யு டர்ன் கிடையாது, குறுக்கே போகிற சாலை மேலேயோ கீழேயோ போய்விடும். நாம் அகலத்தை எடுத்துக்கொண்டோம், குறுக்கே போகிறவனுக்கான வழியை எடுத்துக்கொள்ளவில்லை. அதே நேரம் அங்கேயும் இறங்கும் வழி கிடைக்காத ஊர்கள் அடிபட்டிருக்கின்றன. பழைய 66ஆம் எண் சாலையை 1985இல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்டர்ஸ்டேட் ஒதுக்கிவிட்டுப் போன ஊர்களில் பெட்ரோல் பங்க், ஓட்டல், விடுதி என்று எத்தனையோ மூடிப்போயின. அதனால் சாலைக்கு அடியில் கடக்கிற அண்டர்பாஸும், பக்கத்தில் ஓடுகிற சர்வீஸ் ரோடும் எந்த ஊருக்கு வருகிறது என்பதுதான் எந்த ஊர்க்காரனுக்குச் சோறு என்பதை முடிவு செய்யும். ஊருக்கு ஒன்று, வண்டி போகாவிட்டாலும் கூடையோடு ஒரு பெண் நிமிர்ந்து நடந்துபோகிற உயரத்தில் வேண்டும். பக்கத்திலேயே சின்ன வண்டிகள் லோடு ஏற்ற ஒதுங்கி நிற்க இடமும் வேண்டும். இப்போது நான் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி என்று நிறுத்தித்தான் ஏற்றுகிறேன்.

வேலை நடக்கிற இடங்களில் டைவர்ஷன் பலகை வைப்பதில் இன்னும் அக்கறை வேண்டும். ஒரு இரவு ரிஃப்ளெக்டர் இல்லாத ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி டயர் வெடித்தது, ஒரு வரிசைக் காய் முழுவதும் நாசம். அந்த வேலையை எடுத்தவர் யார் என்று இங்கே எழுதவில்லை. ஒரு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும்.

மதிப்பெண்: தளத்துக்கு 5க்கு 4½. ஊர்க்காரர்கள் கடக்கும் வசதிக்கு 1. மொத்தத்தில் 3 கொடுக்கிறேன். அத்தை ஊரில் அண்டர்பாஸ் திறந்த அன்றைக்கே வந்து இதை மாற்றி எழுதுவேன். மரக்காணத்துக்குத் தெற்கே நிலம் வைத்திருப்பவர்கள் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உங்கள் ஊருக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று கட்டை வைப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

இரவில் லோடு ஏற்றுகிற தம்பிகளுக்கு: டைவர்ஷன் பலகை பார்த்தால் 40க்கு மேல் போகாதீர்கள், வைக்கோலை வழக்கத்தைவிட ஒரு கட்டு கூடுதலாகப் போடுங்கள்.