பெரிய எழுத்து, சிவப்பு எழுத்து வேதாகமம்: லெந்து நாட்களில் வாசித்துப் பார்த்தது

கண்புரை அறுவைக்குப் பிறகும் என் மாமியாருக்குச் சின்ன எழுத்து பிடிபடவில்லை. அவருக்காக வாங்கிய வேதாகமம் இது. பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, ஜிப் வைத்த அட்டை, இயேசு பேசியவை மட்டும் சிவப்பில். இந்த வழக்கம் 1899-ல் அமெரிக்காவில் லூயிஸ் கிளாப்ஷ் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கியது. வெறும் அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் இயேசு கேட்ட கேள்விகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாசித்தேன். கேள்விக்குறியைப் பார்த்துத் தேடினால் பல கேள்விகள் தப்பிவிடும். யோவான் சுவிசேஷத்தில் அவர் பேசும் முதல் வார்த்தையே "என்ன தேடுகிறீர்கள்" என்ற கேள்வி. ஆனால் "என்றார்" என்று சேர்ந்து முற்றுப்புள்ளியோடு போய்விடுகிறது. இத்தனை வருஷம் நானும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இதில் கேள்வி சிவப்பு, "என்றார்" கறுப்பு. கண் தானாக நின்றுவிடுகிறது.

நின்று பார்த்தால், எவ்வளவு சாதாரணக் கேள்விகள்! கூட்டம் பசியோடு இருக்கும்போது, எத்தனை அப்பங்கள் உண்டு, போய்ப் பாருங்கள் என்கிறார். இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் அகப்படாதவர்களிடம், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்கிறார். "ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வலதுபுறம் வலையைப் போடச் சொல்கிறார். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவருக்கு நோய் தீரும் என்று நம்பப்பட்ட பெதஸ்தா குளத்தருகே, 38 வருஷம் நோயோடு இருந்தவனிடம் "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்கிறார். அவன் ஆம் என்று சொல்வதில்லை, என்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்கிறான். இந்த இடத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டேன். அவன் தனிமை முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது.

குறையையும் சொல்லவேண்டும். தாள் மெல்லியது, மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. ட்யூப்லைட்டில் சிவப்பு வெளிறிப்போகிறது. அதனால் மாலையில் அத்தைக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

அப்படி ஒரு மாலை, எரிகோ ஊரில் இயேசுவைக் கூப்பிட்ட பர்திமேயுவின் கதை. பார்வை இல்லாதவனுக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியும். இருந்தும் "நான் உனக்கு என்னசெய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று அவனையே கேட்கிறார். மேலே வாசிக்க முடியவில்லை. போன வருஷம் அத்தை வழுக்கி விழுந்ததிலிருந்து அவரை நான் அடுப்படிப் பக்கமே விடவில்லை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

"அத்தை, நான் உங்களுக்கு என்ன செய்யணும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலையில கீரைக்கட்டை என்கிட்ட குடும்மா, நான் ஆய்ஞ்சு தர்றேன்" என்றார்.

கனமான புத்தகம், மடியில் தலையணை வைத்துத்தான் வாசிக்க முடியும். கோடிடப் பென்சில் போதும், பேனா மை ஊறும். அக்காவுக்கும் ஒன்று வாங்கப் போகிறேன். பகல் வெளிச்சத்தில் சிவப்பு பளிச்சென்று இருக்கிறது. காலையில் அத்தை தானே வாசித்துக்கொள்கிறார், கீரை ஆய்ந்து முடித்த பிறகு.